அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க

நான் வாடகை வாங்கிப் பிழைப்பவள். வியாசர்பாடியில் எனக்கு ஒரு வீடு. கீழே நான் இருக்கும் பகுதியும் ஒரு போர்ஷனும், மாடியில் மூன்று போர்ஷன்களும். கணவருக்கு மில் வேலை போனபோது கைக்கு வந்த தொகையில் எழுப்பிய மாடி அது. அவர் போய்விட்டார். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு வரும் சிறிய ஓய்வூதியம் மாத்திரை மருந்தோடு சரி. மற்றதற்கெல்லாம் அந்த நான்கு வாடகைதான். வாடகைதாரர்களுக்கு உதவி வேண்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பது முதலிலேயே தெரிந்துவிடுவது நல்லது. வாடகை வராத மாதத்தின் கஷ்டம் மாடியில் இருப்பவருக்கு மட்டுமில்லை, கீழே இருப்பவளுக்கும் உண்டு.

எங்கள் பக்கம் வாடகை பாக்கி வைப்பவர்கள் யார் என்று கேட்டால், ஏமாற்றுக்காரர்கள் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள் சில ஓனர்கள். நான் பார்த்தவரை அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பெயிண்டருக்கு வேலை இல்லை. வீட்டு வேலை செய்கிற பெண்ணின் முதலாளியம்மா மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போனால், திரும்பி வரும்வரை அந்த வீட்டுச் சம்பளம் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடச் செலவு. திடீரென்று ஊரில் ஒரு சாவு. இவற்றில் எதுவும் வருஷக்கணக்கில் நீளும் கஷ்டமில்லை. இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்துக்கு வாங்கும் கடன்தான் மூன்று வருஷத்துக்குக் குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்கிறது.

என் வீட்டு மாடியில் ஆறு வருஷமாக இருக்கும் ஆட்டோக்காரரின் கதையைச் சொல்கிறேன். வாடகை வண்டி ஓட்டுபவர். மழை நாளில் வண்டி சறுக்கி இடது காலில் எலும்பு முறிந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது, காசு வாங்கவில்லை. மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மனைவி இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள். அதில் வருவது மாதம் ஆறாயிரம். இரண்டு பிள்ளைகள். வாடகை 5,500.

அந்த மூன்று மாதம் அந்தக் குடும்பம் எப்படி நின்றது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அரிசி ரேஷனில் வந்தது. 2011 முதல் அது இலவசம். அவள் வேலைக்குப் போக, வர பஸ் செலவு இல்லை. 2021 முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதிய உணவும் பள்ளியில் கிடைத்தன. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. சிகிச்சையும் இலவசம். தமிழ்நாட்டில் ஒரு ஏழைக் குடும்பத்தின் செலவில் ஒவ்வொன்றாக அரசு கை கொடுத்திருப்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அங்கன்வாடியில் என் வாழ்நாளைச் செலவிட்டவள் நான், அந்தத் திட்டங்களின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குடும்பத்தின் ஆகப் பெரிய செலவு எது? வாடகை. அதற்கு மட்டும் போய் நிற்க ஓர் இடம் இல்லை. எந்த அலுவலகத்திலும் அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் கிடையாது.

அஞ்சாம் தேதி அவள் கீழே இறங்கி வந்து சொன்னாள்: "அம்மா, இந்த மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க."

சென்னையில் வாடகைக்கு இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள் இதை. இந்த நகரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரே நிவாரணத் திட்டம் இந்த வாக்கியம்தான். அதுவும் அவர்கள் கொடுத்து வைத்த அவர்களுடைய சொந்தப் பணம்.

அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைப் போன்ற சிறிய ஓனர்களிடம் அட்வான்ஸ் வங்கியில் தூங்குவதில்லை. புதிதாக வருபவர் கொடுப்பதை வாங்கித்தான் காலி செய்து போகிறவருக்குக் கொடுக்கிறோம். நடுவில் மாடி ஒழுகினால் அதில்தான் கை வைக்கிறோம். ஆகவே அட்வான்ஸில் கழிப்பது என்றால், அந்த மாதம் எனக்கு வருமானம் இல்லை என்று பொருள். அவர்களுக்கோ அதைவிடப் பெரிய நஷ்டம். நாற்பதாயிரம் அட்வான்ஸில் மூன்று மாத வாடகை போனால் மிஞ்சுவது 23,500. அதை வைத்துக்கொண்டு இதே தெருவில் இன்னொரு வீடு பிடிக்க முடியாது. செங்குன்றம் தாண்டிப் போக வேண்டும். போனால் அவளுக்கு அந்த இரண்டு வீட்டு வேலையும் போகும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும்.

அதனால்தான் எல்லோரும் அட்வான்ஸைக் கடைசியில் தொடுகிறார்கள். முதலில் தொடுவது நகை. அதுவும் அடகுக்குப் போன பின்பு தண்டல். எங்கள் பகுதியில் பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோ தருவார்கள். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வாங்கிய மறுநாளே வசூலுக்கு ஆள் வந்துவிடும். காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர் தினம் நூறு ரூபாய்க்கு எங்கே போவார்? இன்னொரு தண்டலுக்குத்தான். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தது. சட்டம் வசூலிப்பவனின் அராஜகத்தைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். அஞ்சாம் தேதி கையில் பணம் இல்லாதவளின் தேவையை அது தீர்க்காது.

உதவி செய்பவர்களே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பள்ளிவாசல் ஜமாத்துகள் பலவற்றில் பைத்துல்மால் என்ற பொது நிதி இருக்கிறது. ஜகாத் பணத்திலிருந்து விதவைகளுக்கும் கடன்பட்டவர்களுக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் தருகிறார்கள். சில இடங்களில் வட்டியில்லாக் கடனும் உண்டு. அடுத்த தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் கணவரை இழந்தபோது ஜமாத்துதான் அவள் வீட்டைக் காப்பாற்றியது. கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபை இருக்கிறது. 1833-இல் பாரிஸில் சில மாணவர்கள் தொடங்கியது. இன்று நம் ஊர்ப் பங்குகளிலும் அதன் உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்து, மாதம் இவ்வளவு என்று ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். இவர்களிடம் நான் பார்த்த ஒரு நல்ல பழக்கம், வீட்டுக்கே வந்து பார்ப்பது. வந்து பார்த்தவரிடம் பொய் சொல்ல முடியாது, நிஜத்தை நிரூபிக்கச் சான்றிதழ் தேடி அலையவும் வேண்டாம். ஆனால் என் மாடிவீட்டுக் குடும்பம் எந்தப் பள்ளிவாசலையும் சேர்ந்ததில்லை, எந்தப் பங்கையும் சேர்ந்ததில்லை. அவர்களுக்குத் திறந்த கதவு தண்டல்காரன் கதவு ஒன்றுதான்.

மகளிர் குழு இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய குழு முயற்சி இன்று எந்தத் தெருவுக்கும் எட்டியிருக்கிறது. எங்கள் குழுவில் உள்கடன் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. என்ன செலவுக்கு என்று துருவிக் கேட்பதில்லை. நான் அறிந்தவரை ஏழைப் பெண்களுக்கு இதைவிட நல்ல கடன் கிடையாது. ஆனால் குழுக்கள் வாடகை வீட்டுப் பெண்களைச் சேர்க்கத் தயங்குகின்றன. பதினொரு மாதத்தில் வீடு மாறிவிடுவாள், மீதித் தவணையை யார் கட்டுவது என்ற பயம். சொந்தமாக ஓர் ஓட்டு வீடாவது இருப்பவளுக்கு எளிதாகக் கிடைப்பது, வாடகைக்கு அல்லாடுபவளுக்குக் கிடைப்பதில்லை. என் மாடிவீட்டுப் பெண் ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எந்தக் குழுவிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வாடகைதாரர்களில் பெரும்பாலோருக்கும் ஓனர்களில் பாதிப் பேருக்கும் அது தெரியவில்லை. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு விலக்கும் அதிலேயே இருக்கிறது. அந்த விலக்கு வழியாகத்தான் ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்பது தொடர்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் ஓனர் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றக் கோரலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது சட்டப்படி கூடாது. பாக்கியைக் காரணம் காட்டி வெளியே பூட்டுப் போடுகிற ஓனர்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அந்த ஒரு மாத அவகாசத்தைப் பாருங்கள். சட்டம் ஏழைக்குத் திறந்து வைத்திருக்கும் ஒரே ஜன்னல் அது. ஒரு மாதத்துக்குள் பதினோராயிரம் ரூபாய் கிடைத்தால் குடும்பம் வீட்டிலேயே இருக்கும். கிடைக்காவிட்டால் தெருவுக்கு வரும். அந்தப் பணம் எங்கே கிடைக்கும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நகராட்சி நிர்வாகம்.

கொரோனா நேரத்தில் ஒருமுறை அரசுகள் வாடகை என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னது நினைவிருக்கும். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே நாளில் அன்றைய டெல்லி முதல்வர், வாடகை கட்ட முடியாத ஏழைகளுக்காக அரசே கட்டும் என்றார். கட்டவில்லை. சில தொழிலாளர்களும் வீட்டு உரிமையாளர் ஒருவரும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். முதல்வர் கொடுத்த வாக்கைச் செயல்படுத்துவது பற்றி அரசு முடிவெடுக்க வேண்டும் என்று 2021 ஜூலையில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் மேல் அமர்வு அதற்குத் தடை விதித்தது. அந்த வழக்கில் வாடகைதாரரும் ஓனரும் ஒரே பக்கம் நின்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வாடகை உதவி என்பது இரண்டு வீடுகளுக்கும் சேர்த்துச் செய்யும் உதவி. ஓனரிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வது உதவி ஆகாது. என்னைப் போன்றவள் தலையில் அந்தச் சுமையை இறக்கி வைப்பது அது.

வாடகைக்கு அரசு பணம் தருவது புதிய யோசனையும் இல்லை. அரசு ஊழியர் சம்பளச் சீட்டைப் பாருங்கள், வீட்டு வாடகைப்படி என்று தனி வரி இருக்கும். சென்னையில் மத்திய அரசு ஊழியருக்கு 2024 ஜனவரி முதல் அது அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமாக உயர்ந்தது. தனியார் கம்பெனியில் இருப்பவர்கள் பழைய முறையில் வரி கட்டினால், வாடகை ரசீதைக் காட்டி வருமான வரியில் விலக்குப் பெறுகிறார்கள். நகரத்தில் குடியிருக்கப் பணம் வேண்டும் என்பதை அவர்கள் விஷயத்தில் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது, அது நியாயம்தான். அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கும் இதே நகரத்தில்தான் வாடகை.

ஏழைகளுக்கென்று ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. வட சென்னையில் பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, வெளியே வாடகைக்குப் போகும் குடும்பங்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கருணைத்தொகை தருகிறது. முன்பு 8,000, பிறகு 24,000 ஆக்கினார்கள். கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,333 ரூபாய்தான் ஆகிறது. எங்கள் பக்கம் அந்த வாடகைக்குச் சமையல் மேடைகூடக் கிடைக்காது. தொகை போதாது, வழி சரியானது. ஏழைக்கு வாடகைப் பணம் கொடுக்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒவ்வொரு வார்டிலும் ஒரு வாடகைக் கைமாற்று நிதி வேண்டும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். வார்டுக்குப் பத்து லட்சம் என்றால் மொத்தம் 20 கோடி. ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டு மாத வாடகை. எங்கள் தெருக் கணக்கில் பதினோராயிரம். அப்படியானால் ஒரு வார்டில் ஒரே நேரத்தில் தொண்ணூறு குடும்பங்களைத் தாங்கலாம். வட்டி கூடாது. வேலைக்குத் திரும்பிய பிறகு மாதம் 1,100 வீதம் பத்து மாதத்தில் திருப்பிக் கட்டட்டும். திரும்பி வருகிற பணம் அடுத்த குடும்பத்துக்கு. சம்பாதிக்கிற ஆள் இறந்துபோன வீட்டிலும், நிரந்தரமாக முடங்கிப்போன வீட்டிலும் திருப்பிக் கேட்காமல் விட வேண்டும்.

விசாரணை வீட்டிலேயே நடக்க வேண்டும். மகளிர் குழுக்களின் பகுதிக் கூட்டமைப்பில் இருந்து இரண்டு பெண்கள் போய்ப் பார்த்தால் போதும். யார் வேலைக்குப் போகிறார், யாருக்குக் கால் உடைந்திருக்கிறது என்பது ஒரு தெருவில் யாருக்கும் தெரியாத ரகசியமா? அப்படிப் போகிற பெண்கள் அந்தக் குடும்பத்தைத் தங்கள் குழுவிலும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். ஒருமுறை வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். பணம் ஓனரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். கனடாவில் டொரான்டோ மாநகராட்சி இப்படித்தான் ‘ரென்ட் பேங்க்’ என்ற ஒன்றை நடத்துகிறது. நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஸ்கார்பரோவும் அந்த நகரத்தில்தான் அடக்கம். வாடகை பாக்கியால் வீடு போகும் நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார்கள். பின்னர் திருப்பிக் கட்ட வேண்டாத உதவியாகவே மாற்றினார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வேகம். அஞ்சாம் தேதிக் கஷ்டத்துக்கு அடுத்த காலாண்டில் வரும் உதவியால் பயனில்லை. நம் அரசுக்கு வேகமாகச் செய்யத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த இரண்டு வாரத்துக்குள் டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் ஆறாயிரம் ரூபாயைக் கையில் தந்தார்கள். எங்கள் தெருவே வரிசையில் நின்று வாங்கியது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் அடிக்கிற புயலுக்கும் அந்த வேகம் வேண்டும் என்று கேட்கிறேன்.

ஓனரும் வாடகைதாரரும் சேர்ந்துகொண்டு பொய்க் கணக்கு எழுதுவார்கள் என்பது முதல் ஆட்சேபமாக வரும். பதிவான ஒப்பந்தம் இருந்தால்தான் நிதி என்று வைத்தால் அதில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். கூடவே ஒரு நன்மையும் நடக்கும்: சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் பதியாமல் கிடக்கும் போர்ஷன்கள் எல்லாம் பதிவுக்கு வரும். உதவி வருகிறது என்று தெரிந்தால் ஓனர்கள் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்பது இரண்டாவது. இதில் நியாயம் இருக்கிறது, எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். அதனால் நிதி பெற்றுக்கொண்ட ஓனர், அந்தக் கடன் அடையும்வரை வாடகையைக் கூட்டவோ காலி செய்யச் சொல்லவோ கூடாது என்று எழுதி வாங்க வேண்டும்.

ஓனர்களிடம் இன்னும் கொஞ்சம் கேட்கலாம். வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். வாடகைதாரர் ரேஷன் கார்டில் எங்கள் முகவரி ஏறுவதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது. முகவரி இல்லாததால்தான் அவர்கள் பல திட்டங்களில் விடுபடுகிறார்கள். வீட்டுக்கு நூறு யூனிட் இலவச மின்சாரம் 2016-லிருந்து இருக்கிறது. ஒரே மீட்டரில் நாலு போர்ஷனை ஓட்டி, யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிற வீடுகளில் அது குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்வதே இல்லை. தனி மீட்டர் வைப்பதை நிதிக்கு நிபந்தனையாகவே வைக்கலாம்.

என் நான்கு போர்ஷன்களுக்கும் மூன்று மாத அட்வான்ஸ் என்று ஒப்பந்தம் எழுதிப் பதிய நான் தயாராக இருக்கிறேன். பாக்கி விழுந்தால் வார்டு நிதி என் கணக்குக்கு வரும் என்ற உறுதி இருந்தால், பத்து மாத அட்வான்ஸ் எனக்கு எதற்கு? மாடிவீட்டு ஆட்டோக்காரர் நான்காவது மாதம் வண்டி எடுத்தார். அட்வான்ஸில் குறைந்ததை மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவியின் கம்மல் அடகுக் கடையில் இருக்கிறது.